மலையை உடைத்த ஊரில்

நவி மும்பையின் நெருள் கிழக்கிலிருந்து பார்த்தால், மழைக்காலப் பச்சைக்கு நடுவே பார்சிக் மலையின் வெட்டுப்பட்ட பாறை செங்குத்தாகத் தெரியும். அங்கே வேட்டு வைத்துப் பெயர்த்த கருங்கல்தான் கிரஷரில் ஜல்லியாகி இந்த நகரத்தின் தூண்களுக்குள் போயிருக்கிறது.

இங்குள்ள கழிமுகத்தில் நெல்லும் உப்பும் விளைவித்தவர்கள் ஆக்ரிகள். மீன் பிடித்தவர்கள் கோலிகள். புதிய நகரத்தைக் கட்ட 1970இல் சிட்கோ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு 95 கிராமங்களின் நிலத்துக்கு அரசு வந்தது. விலையையும் அரசே சொன்னது. 1984 ஜனவரியில் நியாயமான விலை கேட்டு உரண் பக்கம் ஜாசையில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. இரண்டு நாளில் ஐந்து பேர் செத்தார்கள். டி.பா. பாட்டீல் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாகவே, எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மனையாகத் திருப்பித் தரும் திட்டம் பின்னாளில் வந்தது. நிலம் போனவர்களில் சிலருக்குப் பிழைப்புக்கென்று கொடுக்கப்பட்டது கல் குவாரி. வயலைப் பறித்துவிட்டு, மலையை உடைத்துப் பிழைத்துக்கொள் என்பது கொடுமை. அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைத்தது அதைவிடக் கொடுமை.

பிறகு நவி மும்பை விமான நிலையத்துக்காக உல்வே குன்றும் வேட்டு வைத்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பத்து ஊர்கள் இடம்பெயர்ந்தன.

ஒடிசாவின் நியம்கிரியில் வேறு விதமாக நடந்தது. வேதாந்தா நிறுவனம் பாக்சைட்டுக்காகக் கேட்ட மலை, டோங்கிரியா கோந்துகளுக்குத் தெய்வம். முடிவைக் கிராம சபைகள் எடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. மலை தப்பியது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. ஆக்ரிகளுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. அவர்களை யாரும் ஊர் கூட்டிக் கேட்கவும் இல்லை.

கேட்கும் கடமை பழங்குடி வட்டாரங்களோடு ஏன் நின்றுவிட வேண்டும்? நிலம் போகிற எந்த ஊருக்கும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். நெருள் கிராமத்தையே பாருங்கள். குடும்பம் பெருகியதால் பழைய நத்தத்தின் எல்லை தாண்டி மகனுக்குக் கட்டிய வீடு, சொந்த ஊரிலேயே ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வாங்குகிறது. அந்த வீடுகளை அளந்து, குடியிருப்போர் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள் என்பது இந்தக் கிராமங்களின் நெடுநாள் கோரிக்கை. அரசு முதலில் செய்ய வேண்டியது அதைத்தான்.