நீர்த் துப்புரவும் ஏரி வாரியமும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரின் பெயரைக் கேட்ட அளவிலே குடவோலை முறை நம் நினைவிற்கு வரும். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் கி. பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளினின்றும் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். அவர்தம் பணிக்காலம் 360 நாள். தேர்தல் முறையைப் பாராட்டுவோர் பலர். அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆற்றிய பணியை எண்ணுவோர் சிலரே. நாம் ஈண்டு அவ்வறுவர் பணியை முன்னிறுத்தி, நீரைத் தூய்மை செய்யும் இக்கால நிலையங்களைப் பற்றிச் சில கூறுவோம்.

நீர்நிலையம் எதுவாயினும் அதற்கு மூன்று வேண்டும். நீரை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செலுத்தும் விசை ஒன்று. அழுக்கை நீக்கும் வழி ஒன்று. இவ்விரண்டையும் நாடோறும் பேணும் கைகள் ஒன்று. ஏரிப்பாசனத்தில் முதலாவதை நிலத்தின் சரிவே தந்தது. மதகைத் திறந்த அளவில் நீர் தானே வயலுக்கு இறங்கிற்று. இக்காலத்திலோ முதல் இரண்டினையும் பெரும்பாலும் மின்சாரத்தினிடம் ஒப்புவித்துள்ளோம். ஆகவே, எங்கே மின்சாரம் இன்றியமையாதது, எங்கே இயற்கையே அவ்வேலையைச் செய்யும் என்று பகுத்தறிவதே அமைப்பாளரின் முதற் கடமையாகும்.

முதற்கண் விசையைக் கணக்கிடுவோம். ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோகிராம். இழப்பே இல்லையெனின், ஒரு யூனிட் மின்சாரம் அந்நீரை ஏறத்தாழ 367 மீட்டர் உயரம் ஏற்றும். இருபது மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற ஒரு யூனிட்டில் பதினெட்டில் ஒரு பங்கே போதும். பம்பிலும் மோட்டாரிலும் நேரும் இழப்பைச் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கின் அளவினதாகும். கடல்நீரைக் குடிநீராக்குவதற்கோ ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வரை செலவாகின்றது. கடற்கரையை அடுத்த நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் நிலையம் இத்தகையது. மழைநீரை ஏரியிலே காத்து, அது கெடாமற் போற்றுவது எத்துணைப் பெரிய மின்சேமிப்பு என்பது இதனாற் புலனாகும்.

குழாயின் அகலமும் கவனித்தற்குரியது. ஒரே அளவு நீர் செல்லுங்கால், குழாயின் விட்டத்தை இரட்டித்தால் உராய்வினால் வரும் இழப்பு ஏறத்தாழ 32-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குறுகிய குழாய் வாங்குங்கால் மலிவு. அதன் விலையைப் பின்னர் ஆண்டுதோறும் மின்கட்டணமாகச் செலுத்துகிறோம். வழியிற் கசியும் நீரும் அவ்வாறே. நாலில் ஒரு பங்கு நீர் கசிந்தால், அதை ஏற்றிய மின்சாரத்திலும் நாலில் ஒரு பங்கு மண்ணிற் கலந்ததாகும்.

இனி, தூய்மை செய்யும் வழியைக் காண்போம். சென்னைக் கீழ்ப்பாக்கத்து நீர்நிலையத்தில் 1914-ஆம் ஆண்டில் மெல்லூறு மணல் வடிகள் அமைக்கப்பட்டன. இவ்வகை வடியில் நீர் மணிக்கு ஒரு சாணுக்கும் குறைந்த வேகத்தில் மணலினூடே இறங்கும். மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் ஒரு மெல்லிய படலமாக வளர்ந்து, நோய்க்கிருமிகளையும் மாசுகளையும் பற்றி உண்டுவிடும். வடித்தலுக்கு மின்சாரமோ மருந்தோ வேண்டுவதில்லை. படலம் தடித்து நீரோட்டம் குன்றும்போது மேல்மணலைச் சுரண்டி எடுத்தல் வேண்டும். நிலம் மிகுதியாக வேண்டும் என்பதும், மிகக் கலங்கிய நீருக்கு இது தனியே ஒவ்வாது என்பதும் இதன் குறைகள்.

அதே 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர், கழிநீரிற் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்துத் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டனர். பெருநகரங்களில் இஃது எங்கும் பரவிற்று. சிறு நிலத்திற் பெருவேலை செய்வது இதன் சிறப்பு. ஆயினும், இத்தகைய நிலையத்தின் மின்செலவிற் பாதியளவு காற்றைச் செலுத்துவதற்கே போய்விடுகின்றது. நுண்ணுயிர்க்கு வேண்டிய பிராணவாயுவின் அளவை அறிந்து அதற்கேற்பக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தினால் இச்செலவு பெரிதும் தணியும்.

இழந்த விசையை ஓரளவு மீட்கவும் வழியுண்டு. கழிநீரினின்று பிரிந்த கசட்டைக் காற்றுப்புகாத கலத்தில் அடைத்து வைத்தால் எரிவாயு உண்டாகும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் அவ்வாயுவைக் கொண்டு எஞ்சினை இயக்கி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கழிவென்று நாம் ஒதுக்கியதே, தன்னைத் தூய்மை செய்யும் யந்திரத்திற்கு உணவாவது வியப்பன்றோ!

நகரத்திற்குப் பொருந்துவன யாவும் உத்தரமேரூர் போன்ற சிற்றூர்களுக்குப் பொருந்தா. இங்கே நிலம் நகரத்தினும் எளிதிற் கிடைக்கும்; பழுது நீக்கும் வல்லுநரும் மாதந்தோறும் மின்கட்டணத்திற்குப் பணமும் அரியவை. ஆதலின் ஆழமற்ற குளங்களே இங்குச் சிறந்த துணை. அவற்றிற் பாசிகள் வெயிலை உண்டு பிராணவாயுவை வெளியிட, நுண்ணுயிர்கள் அதனைக் கொண்டு அழுக்கைச் சிதைக்கும். காற்றுச் செலுத்தும் யந்திரத்தின் வேலையைக் கதிரவனே செய்கின்றான். நாணலும் சம்பும் வளர்ந்த சரளைப் பாத்திகளும் இத்தகையனவே. கரைகளிற் புல் மண்டாமலும் கொசு பெருகாமலும் காத்தல் இன்றியமையாதது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017-ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 ஆயிரம் லிட்டர் கொள்ளும் கசடுத் துப்புரவு நிலையம் அமைக்கப்பட்டது. வீடுகளின் செப்டிக் தொட்டிகளினின்று லாரிகள் கொண்டுவரும் கசடு அங்கே உலர்த்தும் பாத்திகளிற் பரப்பப்படும். நீர் அடியில் வடிய, மேலே வெயில் உலர்த்தும். முன்னர் ஏரிக்கரையிலோ ஓடையிலோ கொட்டப்படத் தக்க அழுக்கு, ஊரார் குடிக்கும் நீரிற் கலவாமல் நிற்கின்றது. நீரைக் கெடாமற் காப்பது, கெட்ட நீரைத் திருத்துவதினும் எஞ்ஞான்றும் மலிவு.

கூரையிற் கதிரவன் தகடுகளைப் பதித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுவாரும் உளர். தகடு நன்றே, ஆயினும், வீண்செலவைக் குறைத்த பின்னரே அதனை நாடல் வேண்டும். பொத்தற் குடத்திற்குப் பெரிய கிணறு தோண்டுதல் அறிவுடைமையாகாது.

இவை யாவற்றினும் முதன்மையானது மூன்றாவதாகிய பேணுதல். மணலைச் சுரண்டுவாரின்றி வடி அடைபடும். கரையைப் பார்ப்பாரின்றிக் குளம் நாறும். எண்ணெயிடுவாரின்றி எஞ்சின் நிற்கும். உத்தரமேரூர்ப் பழங் கல்வெட்டுகளில், ஏரியின் வண்டலை அள்ளுதற்கெனப் பொன் வைத்த செய்திகளும் உள. ஏரியை வெட்டுதலோடு கடமை முடிந்ததென அம்முன்னோர் கருதவில்லை. பேணுதற்கு ஆளும், அவ்வாளுக்குக் காலவரையறையும், அப்பணிக்குப் பொருளும் முற்பட வகுத்தனர். இன்று ஒரு நிலையத்தின் வரைபடத்தைக் காணுங்கால், அதன் கொள்ளளவையும் விலையையும் கேட்பதோடு அமையாது, பத்தாண்டு கழித்து அதன் மின்கட்டணத்தை எவர் செலுத்துவர், கசட்டை எவர் அள்ளுவர் என்னும் வினாக்களையும் கேட்டல் வேண்டும். விடையில்லாத வரைபடம் எத்துணை அழகியதாயினும் குறையுடையதே.

பொறியியலும் வேதியியலும் உயிரியலும் பயிலும் நம் மாணவர், விடுமுறையில் தத்தம் ஊர் செல்லுங்கால், அவ்வூர்த் தொட்டிக்கு நீர் ஏறும் உயரத்தையும், பம்பு ஓடும் நேரத்தையும், மின்கணக்கியின் எண்ணையும் குறித்துவந்து, மேற்கூறிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. விசை எங்கே வீணாகின்றது என்பதை அவ்வெண்களே காட்டும். அதனை ஊராருக்கு எடுத்துரைத்தல் நாம் கற்ற கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.