ஆற்றொழுக்கும் பெயர்த்தூய்மையும்

செய்யுட்குப் பொருள் கொள்ளும் முறையினைப் பவணந்தி முனிவர் தம் நன்னூலில் எட்டாக வகுத்துரைத்தனர். அவற்றுள் முதற்கண் நிற்பது யாற்றுநீர்ப் பொருள்கோள். சாத்தனூர் அணையைக் கடந்து வரும் பெண்ணையாறு, மணலூர்பேட்டையையும் திருக்கோவலூரையும் கண்டு, கடலூர்ப் பக்கத்தே கடலிற் கலக்குமேயன்றி, இடையில் மீண்டு மேற்செல்லுதல் இல்லை. அதுபோலச் சொற்கள் நின்ற முறையானே சென்று பொருள் முடிதல் அதன் இலக்கணமாம். இறுதியில் நின்றது இடையிலும் முதலிலும் சென்று பொருள்படுதலோ அளைமறிபாப்பு எனப்படும். அது வளையில் நுழையும் பாம்பு தலை மடங்கும் தன்மைத்து. இவ்விரு நடையும் கணிப்பொறிக்கு நாம் எழுதும் நிரல்களிலும் உள்ளன என்பது தமிழ் பயில்வார்க்கு வியப்பாகலாம். ஒன்றை மற்றொன்றாக்கும் ஒரு கருவியையும், அக்கருவியால் நேரக்கூடிய ஒரு பெருந்தீங்கையும், அதனை நீக்கிய முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

லிஸ்ப் என்னும் நிரல்மொழியை 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி என்பார் வகுக்கத் தொடங்கினார். அதன் வழிவந்தது 1975-இல் சஸ்மன், ஸ்டீல் என்னும் இருவர் ஆக்கிய ஸ்கீம் மொழி. இம்மொழிகளில் ஒவ்வொரு தொடரும் அடைப்புக்குறிக்குள் அமையும். முதற்சொல் செயலையும், பின்வருவன அச்செயலுக்குரிய பொருள்களையும் குறிக்கும். கரும்பினின்று வெல்லம் ஆக்குதலை அம்முறையில் எழுதின் இவ்வாறாகும்:

(வார் (காய்ச்சு (ஆட்டு கரும்பு)))

முதலிற் செய்யவேண்டிய ஆட்டுதல் உள்ளே கிடக்கின்றது. இறுதியிற் செய்யவேண்டிய வார்த்தல் தலைப்பில் நிற்கின்றது. இஃது அளைமறிபாப்பு நடையே. மூன்று செயலாயின் பொறுக்கலாம். பத்தாயின் படிப்போர் தலை சுழலும். நம் தமிழோ, ‘கரும்பை ஆட்டிக் காய்ச்சி வார்த்தான்’ என்று வினையெச்சங்களை வரிசையாக அடுக்கி, நிகழ்ந்த முறையிலேயே உரைக்கின்றது. அந்நடையை லிஸ்ப்புக்கும் தருவது ஒழுக்கு மாக்ரோ:

(ஒழுக்கு கரும்பு (ஆட்டு) (காய்ச்சு) (வார்))

மாக்ரோ என்பது யாதெனின், நிரல் இயங்குதற்கு முன்னரே அதன் ஒரு வடிவத்தை மற்றொரு வடிவமாக விரித்தெழுதும் விதியாம். ‘மட்குடம்’ என்னும் தொகையை ‘மண்ணாலாகிய குடம்’ என்று விரித்துப் பின் பொருள் காண்கின்றோமன்றோ? அதுவே இது. ஸ்கீம் மொழியில் இவ்விதியை ‘டிஃபைன் சின்டாக்ஸ்’, ‘சின்டாக்ஸ் ரூல்ஸ்’ என்னும் சொற்களைக் கொண்டு எழுதுவர். ஈண்டு அவற்றை ‘விதி’ என்னும் ஒரு சொல்லால் தமிழாக்கிக் காட்டுகின்றேன்:

(விதி ஒழுக்கு
  ((ஒழுக்கு பொருள்) பொருள்)
  ((ஒழுக்கு பொருள் (செயல் துணை ...) மிச்சம் ...)
   (ஒழுக்கு (செயல் பொருள் துணை ...) மிச்சம் ...)))

இதன்கண் உள்ளவை இரண்டு நெறிகளே. செயல் ஒன்றும் எஞ்சாவிடின் பொருளையே விடையாகக் கொள்க என்பது முதல் நெறி. செயல் உளதாயின், கையிலுள்ள பொருளை அச்செயலின் முதலிடத்தே நுழைத்து, எஞ்சியவற்றிற்கும் அவ்வாறே செய்க என்பது இரண்டாவது. மூன்று புள்ளிகள் ‘இத்தகையன எத்துணையாயினும்’ என்பதைக் குறிக்கும்.

இனி, ஒரு கணக்கை நோக்குவாம். உழவர் ஒருவர் ஆலைக்கு 20 டன் கரும்பு தந்தார் என்றும், விலை டன்னுக்கு 3000 ரூபாய் என்றும், அவர் முன்னரே பெற்ற பற்று 15,000 ரூபாய் என்றும் கொள்வாம். (ஒழுக்கு 20 (பெருக்கு 3000) (கழி 15000)) என எழுதின், அது (கழி (பெருக்கு 20 3000) 15000) என விரிந்து, 45,000 என்னும் சரியான விடையைத் தரும்.

நிற்க. ஆற்றுக்கு மதகு இருத்தல்போல ஒழுக்கிற்கும் ஒரு தடை வேண்டப்படும். இடையே ஒரு செயல் விடை தராது ‘இன்மை’யைத் தருமாயின், மேற்செல்லாது அங்கேயே நிற்றல் வேண்டும். அதற்கு, வந்த பொருள் உளதோ இலதோ என முதலிற் சோதித்துப் பின் அதனையே அடுத்த செயலுக்குத் தருதல் வேண்டும். பொருளை இருமுறை எழுதினால் அதனை ஆக்கும் வேலையும் இருமுறை நிகழுமாதலின், அதற்கு ஒரு தற்காலிகப் பெயரிட்டு வைத்துக்கொள்ளுதல் முறை. கையிற் பற்றி வைத்தலால் விதியாளன் அதற்குப் ‘பற்று’ என்று பெயரிட்டான் என்க:

(விதி மதகொழுக்கு
  ((மதகொழுக்கு பொருள்) பொருள்)
  ((மதகொழுக்கு பொருள் (செயல் துணை ...) மிச்சம் ...)
   (வை ((பற்று பொருள்))
     (ஆயின் பற்று
       (மதகொழுக்கு (செயல் பற்று துணை ...) மிச்சம் ...)
       இன்மை))))

கணக்கர் இவ்விதியின் உள்ளமைப்பை அறியார், அறியவேண்டுவதும் இல்லை. அவர் உழவரது கடனுக்குப் ‘பற்று’ என்னும் வழக்குப் பெயரையே இட்டு, (மதகொழுக்கு எடை (பெருக்கு விலை) (கழி பற்று)) என எழுதுகின்றார். சொற்களை வெறும் எழுத்தாகவே கொண்டு விரித்தால் யாது நிகழும்? இரண்டாம் படியில், கையிலுள்ள 60,000 ரூபாய்க்குப் ‘பற்று’ என்னும் பெயர் வந்துவிடும். விரிந்த தொடரோ (கழி பற்று பற்று) என்றாகும். 60,000-இலிருந்து 60,000 போக எஞ்சுவது சுழியம். உழவர்க்கு 45,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் ஒரு காசும் இல்லை! பொறி பிழையென்று கூவவும் இல்லை, நின்றுபோகவும் இல்லை. கணக்கர் எழுதியதைப் பன்முறை படிப்பினும் குற்றம் தோன்றாது; விதியைத் தனியே படிப்பினும் தோன்றாது. இரண்டும் கூடுமிடத்தே, கண்ணுக்குப் புலனாகாத விரிவில், ஒருவன் பெயரை மற்றொருவன் பெயர் கவர்ந்துகொண்டது. இதனையே பெயர்க்கவர்வு என்பாம்.

பண்டை லிஸ்ப்பாளர் இதற்குக் கண்ட மருந்து, விதியாளனே ஒவ்வொரு முறையும் எவரும் இட்டிராத புதுப்பெயரைப் பொறியிடம் கேட்டுப் பெறுதல். அது பயன் தருவதே. ஆயினும் ஒருமுறை மறப்பின் தீங்கு மீளும். மாந்தர் நினைவை நம்பியிருத்தல் தகாதெனக் கண்டு, இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்பெக்கர், ஃப்ரீட்மன், ஃபெலைசன், டூபா என்னும் நால்வர் 1986-இல் தூய்மையான மாக்ரோ விரிவு பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அவர் முறையில், விரிவின் ஒவ்வொரு படியிலும் விதி புதிதாகக் கொணரும் பெயர்களுக்கு ஒரு முத்திரை இடப்படும். முத்திரை வேறுபட்ட பெயர்கள், எழுத்தால் ஒன்றாயினும், வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளப்படும். விரிவு முடிந்தபின், விதி தானே பிறப்பித்த பெயர்கள் புதுப்பெயர் பெறும். ஏனையவை முத்திரை நீங்கித் தம் பழைய வடிவை அடையும். 1991-இல் ஸ்கீம் வரையறையின் பிற்சேர்க்கையாகவும், 1998-இல் அதன் உடலாகவும் இத்தகைய தூய்மை விதிகள் இடம்பெற்றன. ஆகவே மேற்காட்டிய மதகொழுக்கை ஸ்கீமில் எழுதின், விதியாளன் பற்றும் கணக்கர் பற்றும் தாமே பிரிந்து நிற்ப, 45,000 பிழையாது வரும்.

இது நமக்குப் புதிய வழக்கமன்று. பன்னிரு அப்போஸ்தலருள் யாக்கோபு என்னும் பெயருடையார் இருவர். சுவிசேஷகர் ஒருவரைச் செபெதேயுவின் குமாரன் என்றும், மற்றவரை அல்பேயுவின் குமாரன் என்றும் தந்தை பெயரால் பிரித்துரைத்தனர். நம் கல்லூரி விடுதியிலும் ஒரு பெயருடையார் இருவர் இருப்பின், தந்தையின் தலையெழுத்தே அவரைப் பிரித்துக்காட்டுகின்றது. எங்கிருந்து வந்தான் என்பதும் பெயரின் ஒரு கூறு. தூய்மை மாக்ரோ ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பிறப்பிடத்தைத் தலையெழுத்தாக இடுகின்றது என்னலாம்.

அற்றேல், பொருளை முதலிடத்தன்றி வேறிடத்தில் நுழைக்க விரும்புவோர் ‘அது’ என்னும் சுட்டுப்பெயரை ஆளுதல் கூடாதோ எனின், கூடும். ஆனால் விதியாளன் மறைவாகக் கொணரும் ‘அது’ தூய்மை நெறியால் பயன்படுத்துவோன் கண்ணுக்கு எட்டாது. பயன்படுத்துவோனே பெயரை முன்னர்த் தருதல் வேண்டும்:

(பெயரொழுக்கு கரும்பு அது (ஆட்டு அது) (காய்ச்சு கொப்பரை அது))

ஈண்டு ‘அது’ அவன் எழுதிய சொல்லாதலின் அவனுக்கே உரியது. அவன் ‘சாறு’ என விரும்பினும் அவ்வாறே எழுதிக்கொள்ளலாம். 2007-இல் வெளிவந்த குளோஜர் என்னும் லிஸ்ப் மொழியிலும், அம்புக்குறியால் எழுதப்படும் ஒழுக்கும், இன்மை கண்டு நிற்கும் ஒழுக்கும், இவ்வாறு பெயர் பெறும் ஒழுக்கும் உள்ளன.

இவை அனைத்தினும் நாம் கொள்ளத்தக்க நெறி ஒன்றே: பெயரை எழுதியவன் எவனோ, அவனுக்கே அப்பெயர் உரியது. விதி எழுதுவோன் தான் காணாத ஊர்களில், தான் அறியாத மாந்தர் எழுதும் நிரல்களுக்குள் விருந்தாகப் புகுகின்றான். விருந்தினன் தன் பாத்திரத்தைத் தானே கொணர்ந்து, வீட்டார் பாத்திரத்தைத் தீண்டாது செல்லுதல் நன்று. அங்ஙனம் செல்லாவிடின் இழப்பு அவனுக்கன்று. கரும்பு தந்து வெறுங்கையோடு திரும்பும் உழவனுக்கே. படிப்போர்க்கு ஆறுபோல் ஓடும் எளிமை வேண்டுமென நாம் விரும்புவோமாயின், அவ்வாற்றின் அடியில் எவர் பெயரும் மூழ்கிப்போகாமற் காத்தலும் நம் கடனாம்.