கோமாளி மீனின் இனத்தைக் கண்டறிவது எப்படி?

கடலோர விவசாயிகள் சிலர் உபதொழிலாகக் கடல் அலங்கார மீன் வளர்ப்பில் ஆர்வம் காட்டுகின்றனர். இதற்கு ஏற்ற மீன்களுள் கோமாளி மீனும் ஒன்று. பவளப்பாறைப் பகுதிகளில் கடல் சாமந்தியுடன் வாழும் இச்சிறு மீன், தொட்டியில் ஓட்டின் மீதோ சட்டியின் மீதோ முட்டையிடும். ஆனால் தாய் மீன் வாங்கும்போது இனம் மாறிவிட்டால் ஜோடி சேராது; பல மாதத் தீனிச் செலவும் உழைப்பும் வீணாகும்.

ஒன்றுபோல் தோன்றும் இரு இனங்கள்

செபே, கிளார்க்கி ஆகிய இரு இனங்களும் கரும்பழுப்பு உடலும் வெள்ளைப் பட்டைகளும் கொண்டவை. வயது, வாழும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து நிறம் மாறும். எனவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. வளர்ந்த செபே மீனில் தலையிலும் உடலின் நடுவிலுமாக இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருக்கும். கிளார்க்கியில் வாலின் அடியில் மூன்றாவது பட்டையும் இருக்கும்.

2. செபேயின் நடுப்பட்டை பின்புறம் சற்றுச் சாய்ந்து, முதுகுத் துடுப்பு வரை ஏறியிருக்கும். வால் துடுப்பு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தென்படும்.

3. எந்தக் கடல் சாமந்தியில் பிடித்தது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். செபே குறிப்பிட்ட ஒரு வகைச் சாமந்தியையே நாடும். கிளார்க்கியோ அதிலும் பிற வகைகளிலும் வாழும்.

ஆண், பெண் அறிதல்

கோமாளி மீன்கள் முதலில் ஆணாக வளர்ந்து, பின்னரே பெண்ணாக மாறுகின்றன. ஜோடியில் பெரியதே பெண். ஆகவே இரண்டு பெரிய மீன்களை வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருந்து சண்டையிடக்கூடும். ஒரே இனத்தில் ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் தேர்ந்தெடுக்கவும். இளம் மீன்களைச் சேர்த்து வளர்த்தால் அவற்றுள் பெரியது பெண்ணாக மாறும்.

எங்கே வாங்குவது?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-ஆம் ஆண்டு தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு மீன் பிடிப்பது குற்றமாகும். எனவே குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த மீன்களையே வாங்குங்கள். வாங்குமுன் கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் நிறுத்திப் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடக் கவனிப்பு உங்கள் முதலீட்டைக் காக்கும்.