பாதியில் நிற்கும் ஏடுகள்



பள்ளி விடுமுறை தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன், ஒரு பிற்பகலில், ஓர் அம்மையார் நம்மைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். பால்வெட்டு முடிந்து வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் மகள் தலையைக் குனிந்தவாறு நின்றாள். நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்து, இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கின்ற பெண். அம்மையார் ஒரு பையிலிருந்து நான்கு பயிற்சிப் புத்தகங்களை எடுத்து நம் மேசைமேல் வைத்தார்.

“இதப் பாருங்க சார். நாலும் பாதியில நிக்குது. ஒன்ன ஆரம்பிக்கும், அத விட்டுட்டு இன்னொன்னுக்குப் போயிடும். எதையும் முடிக்கத் தெரியாத பிள்ளை எங்க உருப்படப் போவுது? நீங்களே நாலு வார்த்தை கண்டிச்சுச் சொல்லுங்க” என்றார்.

நான்கையும் புரட்டிப் பார்த்தோம். ஒன்றில் ஒரு மர்மக் கதை, ஆறு அத்தியாயங்கள் வரை வந்திருந்தது. இரண்டாவதில் கவிதைகள். மூன்றாவதில் ஒரு கட்டுரைப் போட்டிக்கான குறிப்புகள். நான்காவதில், பாட்டியிடம் கேட்டு எழுதிய தாலாட்டுப் பாடல்கள் பதினொன்று.

அந்தப் பெண்ணைக் கண்டிக்க நமக்கு வாய் வரவில்லை. அதே மேசையின் இழுப்பறைக்குள் நம்முடைய ஏடுகள் மூன்று பாதியில் கிடந்தன. எழுத ஆசைப்படுகின்ற எவர் வீட்டிலும் இப்படிச் சில ஏடுகள் இருக்கும். பல எழுத்து வேலைகளை ஒரே காலத்தில் கையில் வைத்திருப்பது குற்றமா, அப்படி வைத்திருப்பவர் அவற்றை எப்படி நடத்திச் செல்வது என்பதைப்பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில் ஒரு பெரிய எழுத்தாளரைப் பார்ப்போம். இங்கிலாந்து நாட்டு நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், 1836-ஆம் ஆண்டில் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்ற கதையை மாதந்தோறும் ஒரு பகுதியாக எழுதி வெளியிட்டு வந்தார். அது முடிவதற்கு முன்பே, 1837 பிப்ரவரியில், ‘ஆலிவர் ட்விஸ்ட்’ என்ற இன்னொரு தொடர்கதையையும் தொடங்கிவிட்டார். அது வெளிவந்த மாத இதழுக்கு அவரே ஆசிரியராகவும் இருந்தார். முதல் கதை 1837 நவம்பரில் முடிந்தது. இரண்டாவது முடியுமுன், 1838 ஏப்ரலில், ‘நிக்கலஸ் நிக்கல்பி’ என்ற மூன்றாவது கதை தொடங்கிற்று. ஒன்றில் சிரிப்பு, மற்றொன்றில் அநாதைச் சிறுவனின் கண்ணீர். இரண்டும் ஒரே மேசையில், ஒரே மாதத்தில் எழுதப்பட்டவை. ஆகவே, கையில் பல வேலைகள் இருப்பதே ஒருவரைக் கெடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை.

இது எப்படி முடிகிறது என்பதை இரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாம் அதிகம் விளக்கவேண்டியதில்லை. பால்மரத்தை இன்று வெட்டினால் நாளை விட்டுவிடுவோம். நாளைக்கு வேறு மரங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதுதான் பழக்கம். இடையில் மரம் சும்மா நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் பட்டைக்குள் பால் மறுபடியும் ஊறிக்கொண்டிருக்கும். ஓய்வு கொடாமல் நாள்தோறும் சீவினால் மரம் வறண்டுபோகும். எழுத்தும் இப்படித்தான். கதை ஓரிடத்தில் நகர மறுத்தால், அதனோடு மல்லுக்கட்டாமல் இரண்டு நாள் கட்டுரையை எழுதலாம். திரும்பி வரும்போது, நின்ற இடத்தில் வழி தெரியும்.

ஆனால் இதே உவமையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் ஒருவர் வெட்டி முடிக்கக்கூடிய மரங்களுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் நிரை பிடித்தால் எதிலும் பால் சேராது. டிக்கன்ஸுக்கு எழுத்தே தொழில். நமக்கோ வேலை முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஏடுகளே அதிகம் என்பது நம் அனுபவம்.

அப்படியானால், இந்த மூன்றில் எது முந்தி, எது பிந்தி? இந்தக் கேள்விக்கு நாம் விடை கற்றுக்கொண்டது வருத்தமான ஒரு வழியில்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் மூன்று வேலைகளை ஒன்றாகத் தொடங்கினோம். ஒன்று, பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு நாடகம். இரண்டு, பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு ஒரு சிறுகதை. மூன்று, தோட்டத்திலேயே மூத்தவரான ஒரு பெரியவரின் வாழ்க்கைக் கதை. ஜப்பானியர் ஆட்சியில், 1943-இல், பதினேழு பதினெட்டு வயதில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிரோடு திரும்பியவர் அவர். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டோம். வீட்டை விட்டுப் போனது, தாய் அழுதது, இரயிலில் ஏற்றியது வரை சொன்னார். பிறகு நிறுத்திக்கொண்டு, “மிச்சத்த இன்னொரு நாளைக்குச் சொல்றேன் வாத்தியாரே. நீங்க வாங்க” என்றார்.

நாம் போகவில்லை. நாடகத்துக்கு நாள் நெருங்கிற்று. பிறகு சிறுகதை. கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் “எப்ப வர்றீங்க?” என்று கேட்பார். “அடுத்த வாரம் ஐயா” என்போம். நாடகத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. சிறுகதையும் அச்சில் வந்தது. அந்தக் கதை வந்த வாரத்திலேயே பெரியவர் காலமானார். நம் ஏட்டில் ஒன்பது பக்கங்கள் எழுதியிருக்கிறோம். இரயில் ஏறிய பிறகு அவருக்கு என்ன நேர்ந்தது என்பது அதில் இல்லை. சொல்லக்கூடியவர்கள் வேறு யாரும் அந்தத் தோட்டத்தில் இல்லை.

மூன்றில் இரண்டை முடித்துவிட்டோம் என்று கணக்குக் காட்டலாம். ஆனால் காத்திருக்கக்கூடிய இரண்டை முடித்து, காத்திருக்க முடியாத ஒன்றை விட்டோம் என்பதே உண்மைக் கணக்கு. நாடகத்தைச் சுருக்கியிருக்கலாம். சிறுகதை நம் மனத்தில் இருந்தது. ஆறு மாதம் பொறுத்திருக்கும். பெரியவரின் நினைவோ அவரிடம் மட்டுமே இருந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் நம்மைப்போல் ஓர் ஆசிரியர். கும்பகோணத்தில் கல்லூரிப் பாடமும் நடத்திக்கொண்டு, ஏடுகளையும் ஒப்பிட்டுக்கொண்டு, சென்னையில் அச்சாகும் நூல்களையும் திருத்தினார். சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்டார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவது என்று அவர் இருந்திருந்தால் பதினோர் ஆண்டுகளில் இவ்வளவு நடந்திருக்குமா என்பது ஐயமே. பழைய ஓலைகள் செல்லரித்துக்கொண்டிருந்தன. அழிந்துகொண்டிருப்பதை முதலில் காக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் அவருடைய சொந்த வரலாறு? ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் வரத் தொடங்கியது 1940-இல். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. ஏறக்குறைய மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த காலத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் அவர் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் கதை அதில் இல்லை. நூல்களுக்காகத் தம் கதையைக் கடைசிவரை தள்ளிவைத்தார் என்றே எண்ணத் தோன்றுகிறது. நமக்கு அவர் ஈட்டித் தந்தது பெரிது. நாம் இழந்ததும் சிறிதன்று.

ஆகவே நேயர்களே, பாதியில் நிற்கும் ஏடுகளை உடையவர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, எல்லாவற்றையும் ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், ‘இது காத்திருந்தால் என்ன கெடும்?’ என்று எழுதுங்கள். மூத்தோர் நினைவைக் கேட்டு எழுதுவதுதான் முதலிடம் பெறும். குறித்த நாளுக்கு முடிக்கவேண்டியது இரண்டாவது. நம் மனத்திலேயே இருக்கும் கதையும் கவிதையும் மூன்றாவது.

இரண்டாவது, மூன்றுக்கு மேல் இருப்பவற்றைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறந்து விட்டுவிடுவது வேறு; தெரிந்து எடுத்து வைப்பது வேறு. தெரிந்து வைத்தது மனத்தை அரிக்காது. சில ஏடுகள் பெட்டியிலேயே இருந்துவிடும். அதனாலும் குற்றமில்லை, எழுதிப் பழகிய கை நம்மிடம் மிச்சம்.

மூன்றாவது, ஒவ்வோர் ஏட்டுக்கும் நாள் ஒதுக்குங்கள். திங்கள் செவ்வாய் இது, புதன் வியாழன் அது என்று வைத்துக்கொண்டால், உட்கார்ந்த பிறகு எதை எடுப்பது என்று யோசித்து அரைமணி நேரத்தை இழக்கமாட்டோம்.

நான்காவது, எழுதி நிறுத்தும்போது, அடுத்து என்ன வரவேண்டும் என்பதை இரண்டு வரியில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். மாறி மாறி எழுதுகிறவருக்கு மிகப் பெரிய தொல்லை, விட்ட இடத்தைத் தேடுவதுதான். டிக்கன்ஸ் பிற்கால நாவல்களுக்கு ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் மனத்தில் தோன்றிய யோசனைகளையும், மறு பக்கத்தில் அந்த மாத அத்தியாயங்களில் வரவேண்டியவற்றையும் குறித்து வைத்தார். குறிப்பின் பயனுக்குக் கல்கியின் கடைசி நாவலும் சான்று. அவர் 1954 டிசம்பரில் மறைந்தபோது ‘அமரதாரா’ முடியாமல் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். குறிப்பு இருந்தால் நம் வேலையை நாமும் தொடரலாம். நாம் இல்லாதபோது நம் பிள்ளைகளும் தொடரலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பல ஏடுகளைத் தொடங்கினால், ‘எதையும் முடிக்கத் தெரியாதவள்’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். ‘இதில் எதை முதலில் முடிக்கப் போகிறாய், ஏன்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே அவளுக்குப் பாதிப் பயிற்சி.

அன்று அந்தப் பெண்ணிடம் நாமும் அதைத்தான் கேட்டோம். அவள் சற்று யோசித்தாள். பிறகு தாலாட்டு ஏட்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, “பாட்டிக்கு இப்பல்லாம் மூச்சு வாங்குது சார்” என்றாள். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. பாட்டி அவருடைய தாயார்.

விடுமுறை முடிந்து அவள் மறுபடியும் வந்தாள். கட்டுரைப் போட்டிக்கு அனுப்பிவிட்டாளாம். மர்மக் கதை இன்னும் ஆறாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கொலை செய்தவன் யார் என்பது அவளுக்கே தெரியவில்லை. பாடல் ஏட்டில் மட்டும் பதினொன்று இருபத்தாறாகியிருந்தது. கடைசிச் சில பாடல்களின் கையெழுத்து வேறாக இருந்தது. மகள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அம்மையாரே கேட்டு எழுதியவை அவை.

நேயர்களே, இந்த நிகழ்ச்சி முடிந்ததும் உங்கள் வீட்டில் பாதியில் கிடக்கும் ஏடுகளை எடுத்துப் பாருங்கள். அவற்றுள் ஒன்றுக்காக யாரேனும் ஒரு பெரியவர் காத்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு இன்று மாலையே அவரிடம் போய் உட்காருங்கள். மற்றவை பொறுத்திருக்கும்.