ழகரவொலியும் செவியுணர்வும்

தாள் என்பது திருவடி; தாழ் என்பது வணங்குதல். இவ்விரு சொல்லும் பொருளால் வேறுபடுதல் ஈற்றெழுத்து ஒன்றானேயாம். ஆயினும், இராமநாதபுரத்திற்கும் இராமேச்சுரத்திற்கும் இடையே மன்னார்க்குடாக் கரையிலுள்ள புதுமடம் முதலிய ஊர்களை உள்ளிட்ட தென்பாண்டி நாட்டுப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. வாழைப்பழம் 'வாளைப்பளம்' ஆகின்றது. கழுத்து 'களுத்து' ஆகின்றது. எதிர்க்கரையாகிய யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் இம்மயக்கம் உண்டு. வழக்கு மொழி தன்னளவில் இகழத்தக்கதன்று. திருமுறை ஓதுமிடத்துப் பொருள் மயங்குதலே ஈண்டு ஆராயப்படுவது. அம்மயக்கம் நாவின்கண் உளதோ, செவியின்கண் உளதோ?

எழுத்துக்களின் பிறப்பை உரைக்கப் புகுந்த தொல்காப்பியனார், உந்தியினின்று எழும் வளி தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாம் என்றார். நுனிநா மேனோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும். நாவிளிம்பு தடித்து அண்பல்லின் அடியைப் பொருந்தி அண்ணத்தை வருட ளகரம் பிறக்கும் என்பது அவர் கருத்து. 1999-இல் அமெரிக்காவில் ஸ்ரீகாந்த் நாராயணன் முதலிய மூவர், காந்த அலையினால் உள்ளுறுப்பைப் படம்பிடிக்கும் கருவியைக்கொண்டு தமிழ் பேசுவார் ஒருவருடைய நாவின் நிலையை ர, ற, ல, ள, ழ என்னும் ஐந்தற்கும் ஆராய்ந்து வெளியிட்டனர். ளகரத்தில் நாவின் முன்பகுதி மேலே பொருந்த வளி இருமருங்கும் செல்லும். ழகரத்தில் நுனி முற்றும் தடுக்காமையின் வளி நடுவே செல்லும். நாவிளிம்பு என்னும் சொல்லை ளகரத்திற்கே கூறி ழகரத்திற்குக் கூறாதொழிந்த ஆசிரியர் நுண்மை இதனால் இனிது விளங்கும்.

இனிக் கேட்குமாறு கூறுதும். காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தாக்கி, மூன்று சிற்றெலும்புகளின் வழியே, நத்தையோடு போற் சுருண்ட உட்செவியை அடையும். அதனுள் உள்ள மென்றோலில் உயர்ந்த சுருதி வாயிலருகும், தாழ்ந்த சுருதி உள்முனையருகும் மிக்க அசைவை உண்டாக்கும். இதனை ஆராய்ந்து காட்டிய பெக்கேசி என்பார் 1961-இல் நோபல் பரிசு பெற்றார். எனின், செவியுறுப்பு நன்கிருந்தாற் போதுமோ? போதாது. 1984-இல் வெர்க்கர், டீஸ் என்னும் உளநூலார், ஆங்கிலம் பேசும் இல்லத்துக் குழந்தைகளை இந்திமொழியின் தகர டகரங்களைக் கேட்பித்துச் சோதித்தனர். ஆறு முதல் எட்டுத் திங்களுட்பட்ட குழந்தைகள் அவ்விரண்டையும் பிரித்துணர்ந்தன. பத்து முதற் பன்னிரண்டு திங்களை எய்தியவற்றுட் பெரும்பாலன உணரவில்லை. உறுப்புக் கெடவில்லை, பழக்கம் உணர்வைச் சுருக்கிற்று. ளகரம் ஒன்றையே கேட்டு வளர்ந்தார்க்கு ழகரம் வேறெனத் தோன்றாமைக்கும் இதுவே காரணமாதல் தகும்.

உள்ளெழும் வளியிசையின் இயல்பு மறையின்பாலது என விடுத்து, புறத்தே கேட்கும் ஒலியையே தாம் கூறியதாக ஆசிரியர் தொல்காப்பியனார் பிறப்பியலை முடித்தார். அவர் விடுத்ததனை அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் நால்வகை வாக்காக விளக்கியருளினார். செவிக்குப் புலனாவது வைகரி. புலனாகாது எழுத்துமுறை உள்ளே விளங்க நிற்பது மத்திமை. மயில்முட்டையின் நீரிற் பல வண்ணமும் அடங்கினாற்போல எழுத்து வேறுபாடு அடங்கி நிற்பது பைசந்தி. இவற்றிற்கெல்லாம் காரணமாய் நிற்பது சூக்குமை. ழகரமும் ளகரமும் மத்திமையிற் பிரிந்து நில்லாவாயின், வைகரியிற் பிரித்துரைத்தல் யாங்ஙனம்? ஆகலின், மயக்கம் நாவளவில் நின்றதன்று என்க.

கருவியாளர் ஆராய்ச்சியும் ஆகமக் கொள்கையும் ஒன்றே எனல் பொருந்தாது. முன்னது உடலுறுப்பின் தொழிலை அளப்பது. பின்னது உயிர்க்கு அறிவு விளங்குமாற்றை உரைப்பது. வாக்குக்கள் நான்கும் சுத்தமாயையின் காரியமாகலின் சடமே, அறிவது உயிரே. சத்தமே பிரமம் என்பாரைச் சித்தியார் பரபக்கத்து மறுத்ததும் இது பற்றியேயாம்.

சுருங்கிய செவியுணர்வு மீளாததோ எனின், மீளும். ரகர லகரங்களைப் பிரித்துணர மாட்டாத ஜப்பானியர், பலர் வாயாற் பலகாற் கேட்பித்துப் பயிற்றியவழித் தேர்ச்சி பெற்றமை 1991-இல் வெளியான ஆராய்ச்சியாற் புலனாயிற்று. ஆகவே, ஏட்டைக் காட்டுமுன் ஓதுவார் ஓதக் கேட்பிக்கும் பழைய முறையே சிறுவர்க்கு ஏற்றது. முதலிற் செவி, பின்னர் நா.

தாள், தலை என்னும் இருசொல்லும் புணர்ந்து 'தாடலை' என ஒன்றாதலை உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் முத்திநிலைக்கு உவமையாக்கினார். அண்ணத்தைச் சார்ந்த ளகரமும் பல்லைச் சார்ந்த தகரமும் கூடி டகரமாகிய இயல்பு, ஒலியின் இடமறிந்தார்க்கே இனிது புலப்படும். ஓரெழுத்தைத் திருந்த ஓதக் கற்றல் சிறுதொழில் போலத் தோன்றினும், சித்தாந்தப் பொருளுணர்ச்சிக்கு அதுவே வாயிலாம்.