நிகண்டு நெறியும் மூலக்கூற்று உயிரியல் தேடுகருவியும்

மத்தி எனவும், குமரி மாவட்டத்தில் சாளை எனவும் வழங்கும் மீனுக்கு வாலென்சியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1847-இல் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ் என்று பெயரிட்டார். அவர் ஆராய்ந்தது புதுச்சேரிக் கடலின் மீனாகும். குருசுக்குப்பத்து மீனவர் வலையில் விழுவதும் அக்கடலின் மீனே. பின்வந்தோர் சிலர் அதனைக் குளூபியா லாங்கிசெப்ஸ் என எழுதினர். ஒரு மீனுக்கு இத்துணைப் பெயர்கள் வழங்குமாயின், அதன் மரபணுச் செய்தியைத் தேடுவோர் எப்பெயரைக் கொண்டு தேடுவது? இவ்வினா உயிரியலார்க்கு மட்டும் உரியதன்று. நிகண்டு பயின்றார்க்கும் உரியது.

மரபணு வரிசைகளைத் தொகுத்து வைக்கும் ஜென்பாங்க் 1982-இல் தோன்றியது. அதனையும் அதனோடு இயைந்த பிற தொகுதிகளையும் ஒருங்கே தேடுதற்கு 1991-இல் என்ட்ரெஸ் என்னும் கருவி அமெரிக்க நாட்டில் வெளியாயிற்று. வரிசையை வரிசையோடு ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் வேறு. ஈண்டு நாம் கருதுவது சொல்லைக் கொண்டு தேடுதலே. ஒவ்வொரு பதிவிலும் உயிரியின் பெயர், மரபணுவின் பெயர், ஆசிரியர், ஆண்டு முதலியன தனித்தனிப் புலங்களாக நிற்கும். கருவி அப்புலச் சொற்களுக்கு முன்னரே அடைவு செய்து வைத்துள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைக் கையாண்டவர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். நாம் புரட்டுவது நூலையன்று, அடைவையே.

அடைவு மட்டும் போதாது. திவாகரம் முதற் பத்துத் தொகுதிகளில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டி, பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுகிறது. தேடுவோர்க்கு நேரும் இடர்களும் இவ்விரண்டே. மீனினங்களைப் பிரித்தறியப் பயன்படும் ஒரே மரபணுவைச் சிலர் காக்ஸ்1 என்பர். சிலர் சிஓஐ என்பர். ஒன்றை மட்டும் இட்டால் மற்றையது தப்பும். ஆதலின் 'அல்லது' என்னும் இணைப்புக் கொண்டு இரண்டையும் இடுதல் வேண்டும். பழ ஈயின் மரபணு ஒன்றற்கு 'ஒயிட்' என்பதே பெயர். வெள்ளை என்பது பொருள். அதனைப் புலம் குறியாமல் இட்டால் வெள்ளை எலியும் வெள்ளணுவும் வந்து குவியும். மரபணுப் புலத்தில் இட்டு, உம்மைப் பொருள்படும் இணைப்பால் ஈயின் பெயரையும் சேர்த்தாலன்றி வேண்டியது கிட்டாது.

உயிரிப் பெயர்களுக்கு நிகண்டு போன்றதோர் அமைப்பு உண்டு. வழக்கொழிந்த பெயரை இட்டாலும், அது அவ்வமைப்பில் மாற்றுப்பெயராகப் பதிவாகியிருப்பின், இன்றைய பெயருக்குரிய பதிவுகள் வரும். சார்டினெல்லா என்னும் பேரினப் பெயரை இட்டால் அதன் கீழ்ப்பட்ட இனங்கள் யாவும் வரும். இனம் துணியப்படாது பேரினப் பெயரோடு மட்டும் பதிவானவையும் அவற்றுள் அடங்கும். லாங்கிசெப்ஸ் என்று மட்டும் தேடுவோர் அவற்றைக் காணார். அது கண்டு, அத்தகைய பதிவே இல்லையென்று எழுதிவிடுவாரும் உளர்.

மத்தி, சாளை என்பனவற்றைத் தமிழெழுத்தில் இட்டால் கருவி மீனைக் காட்டுவதில்லை. கடற்கரை தோறும் வேறுபடும் மீன்பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அறிவியற் பெயரோடு இணைத்தாலன்றி இக்குறை நீங்காது. அத்தொகுப்பு வட்டார வழக்காய்வின் பாற்பட்டது. தமிழ்த் துறைகள் மேற்கொள்ளற்கு உரியது.