சளிக்குக் கைவைத்தியம்: எது உதவும், எங்கே நிறுத்த வேண்டும்?

ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் தும்மலும் இருமலும் பெருகிவிடுகின்றன. மணவாள நகர், திருவள்ளூர், காக்களூர் பகுதிகளிலிருந்து வருவோரில் பெரும்பாலோர் வீட்டிலேயே ஏதேனும் ஒரு கைவைத்தியம் செய்து பார்த்த பின்னரே எங்களிடம் வருகின்றனர். ஆனால், "வீட்டில் குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், தாய் "ஒன்றும் கொடுக்கவில்லை" என்கிறார், உடன் வந்த பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பொறுமையாக மீண்டும் கேட்கும்போதுதான் கற்பூரவல்லிச் சாறு, தேன், மார்பில் தடவிய கற்பூர எண்ணெய் என ஒவ்வொன்றாக வெளிவருகிறது.

திட்டுவார்களோ என்னும் அச்சமே இந்த மறைப்புக்குக் காரணம். அந்த அச்சத்தை உண்டாக்கியதில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. கைவைத்தியம் அனைத்தையும் ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால், நன்மை தருவதும் தீங்கு செய்வதும் சேர்ந்தே மறைக்கப்படுகின்றன. ஆகவே, நம் வீடுகளில் வழங்கிவரும் முறைகளுள் எவற்றைத் தயக்கமின்றிச் செய்யலாம், எவற்றைக் கைவிட வேண்டும், எந்த நிலையில் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

சளி ஏன் தானே நீங்குகிறது?

சாதாரணச் சளிக்குக் காரணம் வைரசுகள். இருநூறுக்கும் மேற்பட்ட வகை வைரசுகள் இந்நோயை உண்டாக்குகின்றன. அவற்றுள் ரைனோ வைரசு முதன்மையானது. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே இவற்றை வென்றுவிடுகிறது. மூக்கடைப்பும் தொண்டை வலியும் பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களுக்குள் தணிந்துவிடும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரங்கள் வரை தொடரக்கூடும்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைத்தான் அழிக்கும். வைரசுக்கு எதிராக அவை பயன்படுவதில்லை. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி இரண்டு நாள் விழுங்கும் மாத்திரையும், "ஒரே ஊசியில் சரியாகிவிட வேண்டும்" என்னும் வற்புறுத்தலும் சளியைக் குறைப்பதில்லை. மாறாக, பின்னொரு நாள் உண்மையான பாக்டீரியா நோய் வரும்போது அம்மருந்து பலனளிக்காமற் போக அவை வழிவகுக்கின்றன. சளிக்கு மாத்திரையைவிட மிளகு ரசம் மேல் என்று வீட்டுப் பெரியவர்கள் கூறினால், அக்கூற்றில் நியாயம் உண்டு.

சூடான பானங்களும் தேனும்

சுக்குக் காபி, மிளகு ரசம், தூதுவளை ரசம், நாட்டுக்கோழிச் சாறு ஆகியவை வைரசை அழிப்பதில்லை. எனினும் அவை தரும் இதம் உண்மையானது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சளி பிடித்த 30 பேருக்குச் சூடான பழச்சாறு பானம் கொடுத்துப் பார்த்தனர். மூக்கின் வழியே செல்லும் காற்றின் அளவு கருவியில் மாறவில்லை. ஆனால் மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர், சோர்வு ஆகியவை குறைந்ததாக அவர்கள் உணர்ந்தனர். மிளகின் காரம் மூக்கிலும் வாயிலும் நீர்ச்சுரப்பைத் தூண்டிக் கெட்டிச்சளியை இளக்குகிறது. உணவு இறங்காத நாளில் ரசம் சோறு உடலுக்கு நீரும் உப்பும் சேர்க்கிறது.

இருமலுக்குத் தேன் கொடுக்கும் வழக்கத்திற்கு ஆய்வுகளின் ஆதரவும் உண்டு. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு, உறங்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டித் தேன் கொடுத்தால் இரவு இருமல் ஓரளவு குறைகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கோ ஒரு துளித் தேனும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கக்கூடும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கும் சடங்கையும் இதே காரணத்தால் தவிர்க்குமாறு வேண்டுகிறோம்.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுத் தொண்டையில் கொப்பளிப்பது, செலவில்லாத நல்ல முறை. கொப்பளிக்கத் தெரிந்த வயதினருக்கே இது பொருந்தும். மூக்கடைத்துப் பால் குடிக்க இயலாத கைக்குழந்தைக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்தே போதுமானது.

ஆடாதோடையும் அதிமதுரமும்

நம் மூலிகைகள் வெறும் நம்பிக்கையில் நிற்பவை அல்ல. ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை ஆராய்ந்ததன் வழியாகவே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. இன்று நாங்கள் எழுதித்தரும் அம்புராக்சாலும் அதன் வழிவந்ததே. எனினும் மருந்தாகச் செயல்படும் எப்பொருளுக்கும் பக்கவிளைவும் உண்டு. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கருவுற்ற பெண்கள் அதை அருந்தக் கூடாது.

அதிமதுரம் தொண்டைக்கு இதமானது. ஆனால் அதைத் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் உயரும். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்த நோயாளிகளும், இதய, சிறுநீரக நோயாளிகளும் அதைத் தவிர்ப்பது நலம்.

சர்க்கரை நோயாளிகள் பலர், "சீனி சேர்க்கவில்லை, பனங்கற்கண்டுதான் சேர்த்தேன்" என்று ஆறுதலோடு கூறுகின்றனர். பனங்கற்கண்டு, கருப்பட்டி, தேன் மூன்றும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துபவையே. நோய்த்தொற்றுள்ள நாள்களில் சர்க்கரை அளவு தானாகவே ஏறும்; அத்துடன் இதுவும் சேர்ந்தால் நிலைமை சிக்கலாகும். கசாயத்தை இனிப்பின்றி அருந்திப் பழகுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை உட்கொள்வோர், சமையலில் சேரும் அளவைத் தாண்டிப் பூண்டையோ இஞ்சியையோ மஞ்சளையோ மருந்தாக உண்ண வேண்டா. நீர் அருந்துவதில் கட்டுப்பாடுள்ள இதய, சிறுநீரக நோயாளிகளுக்குக் கசாயமும் ரசமும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

9 சரக்குகள் கொண்ட நிலவேம்புக் குடிநீரையும், 15 சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீரையும் டெங்கு, கொரோனா காலங்களில் தமிழக அரசே மக்களுக்கு வழங்கியது. அவற்றை அருந்த விரும்புவோர், பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் அளவையும் நாள்களையும் கேட்டு அருந்த வேண்டும். ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டை அவரிடம் காட்டுவதும் அவசியம். நாள்பட்ட நோய்க்கான மாத்திரைகளைக் "கசாயம் குடிக்கிறோமே" என்று நிறுத்திவிடக் கூடாது.

ஆவி பிடித்தல்

நொச்சி இலை, வேப்பிலை, மஞ்சள் தூள் இட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சற்று நேரம் மூக்கடைப்பை இளக்கும். ஆனால் அது நோயின் நாள்களைக் குறைப்பதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில் பொது இடங்களில் பலர் கூடி ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பெருகின. அவற்றால் தொற்று பரவக்கூடும் என்பதால் தவிர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அப்போது கேட்டுக்கொண்டார்.

ஆவி பிடித்தலில் பெரிய ஆபத்து கொதிநீர். குழந்தையை மடியில் இருத்தி, போர்வைக்குள் பாத்திரத்தை வைத்து ஆவி காட்டும்போது, குழந்தை ஒருமுறை காலை உதைத்தாலே போதும். தொடையும் வயிறும் வெந்துவிடும். ஒரு வாரத்தில் தானே நீங்கும் சளிக்காக, வாழ்நாள் முழுவதும் நீங்காத தழும்பு ஏற்படுகிறது. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டா. பெரியவர்கள் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசையின் மீது வைத்து, முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்து ஐந்து நிமிடம் பிடிக்கலாம்.

விரலி மஞ்சளைச் சுட்டுப் புகையை முகர்வதும், குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் மூச்சுக்குழாய்களை உறுத்துபவை. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இவை மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும்.

கைக்குழந்தைக்குச் செய்யக் கூடாதவை

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி மார்பில் தடவும் வழக்கம் நம் பகுதியில் பரவலாக உள்ளது. கற்பூரம் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்லும். கைக்குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கற்பூரமும் மென்தாலும் கலந்த கடைத் தைலங்களையும் 2 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடவக் கூடாது. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். வாயால் ஊதிச் சளியெடுப்பதும் தொக்கம் எடுப்பதும் காயத்திற்கும் தொற்றுக்கும் வழிசெய்யும். வசம்பை உரைத்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் வசம்பை உணவுப் பொருள்களில் சேர்ப்பது 1968ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவும் மருந்தும் ஆகும். அதை அடிக்கடி கொடுப்பதே போதும்.

கைவைத்தியத்தைக் கண்டு அஞ்சிக் கடை மருந்துக்கு ஓடுவதும் தீர்வாகாது. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் மருந்து உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து நம் அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டோருக்கு அவை பொதுவாக உகந்தவையல்ல என்றும் அறிவுறுத்தியது. மூத்த குழந்தைக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து இளைய குழந்தைக்கு ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு

காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளில் பணிபுரிவோர் எங்களிடம் வரும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறோம்: "வார விடுமுறையில் இருமல் குறைகிறதா?" விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீளும் இருமல் சளியாக இராமல், பணியிடத்துத் தூசி, புகை, வேதிப்பொருள் ஆகியவற்றால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மாதக்கணக்கில் சுக்குக் கசாயம் அருந்தினாலும் அது தீராது. காலம் தாழ்த்தினால் நுரையீரல் நிலையாகப் பழுதுபடவும் கூடும். ஓர் அறையில் பலர் தங்கியிருப்போர், சளி பிடித்த நாள்களில் முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்பினால் அடிக்கடி கழுவி வந்தால் உடனிருப்போரைக் காக்கலாம்.

எப்போது வர வேண்டும்?

பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று தென்பட்டாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 என்னும் எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழிக்காத மயக்கம், உதடு நீலமாதல், வலிப்பு ஆகியவை இருந்தால் நள்ளிரவேயாயினும் தாமதிக்கக் கூடாது. 108 ஆம்புலன்சை அழையுங்கள். 3 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், வேறு அறிகுறி இல்லையாயினும் அன்றே வர வேண்டும்.

பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், தடுமாற்றமான பேச்சு ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். மூன்று நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலும், ஒருமுறை தணிந்து மீண்டும் ஏறும் காய்ச்சலும் பரிசோதிக்கப்பட வேண்டியவை. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால், ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். முதியோர், கருவுற்ற பெண்கள், சர்க்கரை, இதய, நுரையீரல் நோயுள்ளோர் இந்நாள்கள் வரை காத்திராமல் முன்னரே வருவது நலம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை வரும்போது வீட்டில் கொடுத்தவை அனைத்தையும், இலையின் பெயரோடும் அளவோடும், ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பாட்டியும் உடன் வந்தால் அவரிடமே கேட்டறிந்துகொள்வோம். மறைக்காமல் நீங்கள் கூறும் ஒரு செய்தி, நாங்கள் எழுதும் மருந்தை மாற்றக்கூடும். சில வேளைகளில் ஓர் உயிரையும் காக்கக்கூடும். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்று உறுதியளிக்கிறோம்.